எபனேஸர் ஹவார்டும் தோட்ட நகரமும்

ஜனங்கள் கிராமங்களை விட்டுப் பட்டணங்களுக்கு ஓடிவருகிறார்கள் என்ற முறைப்பாடு எல்லாத் தேசங்களிலும் கேட்கப்படுகிறது. ஓடிவருகிறவர்களைக் குறைகூற ஆட்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் ஏன் வருகிறார்கள், அவர்களுக்குக் குடியிருக்க வீடும் செய்வதற்கு வேலையும் அடுத்தடுத்துக் கிடைக்கும்படி ஒரு பிரதேசம் முழுவதையும் எப்படி ஒழுங்குபடுத்தலாம் என்று பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் வெகு சிலரே. அச்சிலரில் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் எபனேஸர் ஹவார்ட். அவர் சிற்பியல்லர், இஞ்சினீயரல்லர், தனவந்தரல்லர், சர்வகலாசாலையின் வாசலையும் மிதித்தவரல்லர். லண்டனில் பிறர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எழுதி வயிறு வளர்த்த ஒரு குமாஸ்தா. அவருடைய முயற்சியால் அவர் கண்முன்பே இரண்டு ஊர்கள் எழுந்தன. நம்மை அடிமைப்படுத்தியிருந்த ஜாதியாரிடையே பிறந்தவர் என்பதற்காக ஒரு நல்ல மனிதரின் சரித்திரத்தைச் சொல்லாமல் விடுவது நமக்கு வழக்கமன்று. ஆகவே நேயர்களுக்கு அதை இங்கே சொல்லுகிறோம்.

ஹவார்ட் 1850-ஆம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி லண்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் மிட்டாய்க்கடை வைத்திருந்தவர். தாயார் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்தாவது வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. பங்கு வியாபாரி ஒருவரின் ஆபீஸில் கடிதங்களைப் பிரதி எழுதும் வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில் தாமாகவே பிட்மன் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொண்டார். இந்த வித்தைதான் ஆயுள் முழுவதும் அவருக்குச் சோறு போட்டது.

1871-ஆம் வருஷத்தில், இருபத்தோராவது வயதில், இரண்டு நண்பர்களுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நெப்ராஸ்கா மாகாணத்தில் அப்பொழுது சர்க்கார் வந்தவர்களுக்கெல்லாம் நிலம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹவார்டுக்கு 160 ஏக்கர் கிடைத்தது. நிலம் கிடைத்தென்ன? ஏர் பிடித்துப் பழகாத கை, கொடுமையான குளிர்காலம். ஒரு வருஷத்துக்குள் விவசாயம் கைவிட்டுப்போயிற்று. சிக்காகோவுக்கு வந்து சுருக்கெழுத்து வேலையில் அமர்ந்தார். 1871-ஆம் வருஷத்துப் பெருந்தீயில் வெந்து சாம்பலான சிக்காகோ அப்பொழுது புதிதாக எழுந்துகொண்டிருந்தது. தீக்கு முன்பு அந்நகருக்குத் தோட்ட நகரம் என்றே ஒரு பட்டப்பெயர் வழங்கி வந்தது. பிற்காலத்தில் தம் யோசனைக்கு அவர் அதே பெயரை இட்டார். ஒரு பட்டணம் தரையிலிருந்து எழும்புவதைக் கண்ணாரக் கண்டவர், பட்டணங்கள் கடவுள் படைத்து வைத்தவையல்ல, மனிதர் நினைத்தபடி செய்துகொள்ளக்கூடியவையே என்ற எண்ணத்தையும் அங்கேதான் பெற்றிருக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றுகிறது. நெப்ராஸ்காவில் பட்ட பாடும் வீண்போகவில்லை. வெறும் நிலத்தைக் கொடுத்துவிட்டால் மனிதன் பிழைத்துவிடுவான் என்ற பிரமை அவரிடம் பிறகு ஒருநாளும் காணப்படவில்லை.

1876-ல் லண்டனுக்குத் திரும்பினார். பார்லிமெண்ட் கமிட்டிகளின் நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்காக மந்திரிகளும் முதலாளிகளும் தொழிலாளர் தலைவர்களும் சாட்சி சொல்லுவதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். எல்லாக் கட்சியாரும் பல விஷயங்களில் சண்டையிட்டார்கள். ஆனால் ஜனங்கள் கிராமங்களைவிட்டு வெளியேறி, முன்பே பிதுங்கும் பட்டணங்களில் வந்து குவிவது தேசத்துக்குக் கேடு என்பதில் மட்டும் அனைவரும் ஒரே வாயாகப் பேசினார்கள். நோயில் அபிப்பிராய பேதம் இல்லை. மருந்துதான் ஒருவரிடமும் இல்லை. இதைக் கவனித்தவர் பேசினவர்களில் ஒருவரல்லர், மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா.

லண்டனின் நிலைமை என்னவென்று சொல்லவேண்டும். 1801-ல் ஏறக்குறைய 10 லட்சம் ஜனங்கள் இருந்த பட்டணம், 1901-ல் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 65 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சார்லஸ் பூத் என்பவர் வீடு வீடாகத் தகவல் திரட்டிச் செய்த ஆராய்ச்சியில், லண்டன் ஜனங்களில் நூற்றுக்கு முப்பதுபேர் தரித்திரத்தில் கிடப்பதாக வெளிப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் வந்து இறங்கியதால் இங்கிலாந்தின் விவசாயம் படுத்துவிட்டது. கிராமத்து நிலம் விலைபோகவில்லை. லண்டனில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து மாளவில்லை. ஒருபக்கம் ஆளில்லாத நிலம். மறுபக்கம் நிலமில்லாத ஆள். இரண்டையும் சேர்த்துவைப்பது எப்படி என்பதே ஹவார்டின் கேள்வி.

அவர் நிறையப் படித்தார். எட்வர்டு பெல்லமி என்ற அமெரிக்கர் 1888-ல் எழுதிய கற்பனைக் கதை அவரை வெகுவாக ஆட்டிவைத்தது. ஜனங்களை ஒழுங்காகப் புதிய இடங்களில் குடியேற்றுவது ஒருவருடைய யோசனை. நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்கவேண்டுமென்பது இன்னொருவருடையது. மாதிரி நகரம் என்பது வேறொருவருடையது. இவற்றையெல்லாம் தாம் சேர்த்துப் பின்னியதே தமது திட்டம் என்று ஹவார்ட் ஒளிக்காமல் தம் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். அந்தப் புத்தகம் 1898-ல் வெளிவந்தது. அச்சுச் செலவுக்குப் பணமில்லை. அமெரிக்க நண்பர் ஒருவர் 50 பவுன் கொடுத்து உதவினார். 1902-ல் அது நாளைய தோட்ட நகரங்கள் என்று பொருள்படும் பெயருடன் மறுபடியும் பிரசுரமாயிற்று.

புத்தகத்தின் தொடக்கத்தில் மூன்று காந்தங்களின் படம் இருக்கிறது. பட்டணம் ஒரு காந்தம்; அங்கே கூலியும் கேளிக்கையும் உண்டு; புகையும் நெருக்கமும் அதிக வாடகையும் உண்டு. கிராமம் மற்றொரு காந்தம், நல்ல காற்றும் வெளிச்சமும் உண்டு, வேலையில்லை. இரண்டின் நன்மையும் சேர்ந்த மூன்றாவது காந்தம் ஒன்றைச் செய்துவிட்டால், இரும்பூசிகள்போல் ஜனங்கள் தாமாகவே அதனிடம் போய் ஒட்டிக்கொள்வார்கள், போலீஸும் சட்டமும் வைத்து ஒருவரையும் துரத்த வேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

6,000 ஏக்கர் நிலம் வாங்குவது. நடுவில் 1,000 ஏக்கரில் 30,000 பேருக்கு ஊர். மீதி 5,000 ஏக்கரில் 2,000 பேர் விவசாயம் செய்வது. ஊரின் ஓரத்தில், ரயில்பாதையை ஒட்டித் தொழிற்சாலைகள். யந்திரங்களெல்லாம் மின்சாரத்தால் ஓடவேண்டும், புகை கூடாது. விவசாயியின் பாலும் காய்கறியும் பக்கத்து ஊரிலேயே விலைபோகும். ஊரின் கழிவு எருவாகிப் பக்கத்து வயலுக்கே திரும்பும். ஊர் நிறைந்துவிட்டால்? சுற்றியிருக்கும் வயலைத் தின்று பெருக்கக்கூடாது. வயலைத் தாண்டி அப்பால் இன்னொரு ஊர் வைக்கவேண்டும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரம் தன்னைச் சூழ்ந்த பூங்காநிலத்தைத் தொடாமல் அதைத் தாண்டி வட அடிலெய்டை அமைத்துக்கொண்டதை அவர் உதாரணம் காட்டினார். இவ்விதம் 58,000 பேருள்ள ஒரு நடுநகரும், அதைச் சுற்றி 32,000 பேருள்ள ஆறு ஊர்களுமாக, 66,000 ஏக்கரில் இரண்டரை லட்சம் ஜனங்கள் ரயிலால் இணைக்கப்பட்டு வாழலாம். பெரும் பட்டணத்தின் வசதியனைத்தும் கிடைக்கும். எவனும் வயலிலிருந்து சில நிமிஷ நடைக்கு அப்பால் இருக்கமாட்டான். தனி ஓர் ஊரைப் பற்றியன்றி, ஒரு பிரதேசத்தைப் பற்றிய யோசனை இது. பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் மறந்த பாகமும் இதுதான்.

ஆனால் திட்டத்தின் உயிர் படத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. விவசாய நிலம் அன்று ஏக்கர் 40 பவுனுக்குக் கிடைத்தது. 6,000 ஏக்கருக்கு 2,40,000 பவுன். நூற்றுக்கு 4 வட்டி வீதம் வருஷத்துக்கு 9,600 பவுன். இந்த வெறுங்காட்டில் முப்பதினாயிரம் ஜனங்கள் வந்து குடியேறி, கடைகளும் தொழிற்சாலைகளும் வைத்துவிட்டால் நிலத்தின் மதிப்பு பலமடங்கு ஏறிவிடுமல்லவா? அந்த ஏற்றம் யாரால் வந்தது? ஜனங்கள் வந்ததால் வந்தது. லண்டனில் அது யாருக்குப் போகிறது? கைகட்டி உட்கார்ந்திருந்த நிலச்சொந்தக்காரனுக்குப் போகிறது. ஹவார்டின் ஊரில் நிலம் முழுவதும் ஊருக்காக தர்மகர்த்தாக்கள் கையில் இருக்கும். குடியிருப்போர் வாடகை ஒன்றே கொடுப்பார்கள். அதில் வட்டி கட்டி, கடனின் அசலையும் சிறிது சிறிதாக அடைத்து, மீதியைத் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவழித்து, கடன் தீர்ந்தபின் முதியோருக்கு ஓய்வுச் சம்பளமும் கொடுக்கலாம் என்று காட்டினார். பிரிட்டிஷ் சர்க்கார் முதியோர் சம்பளச் சட்டம் செய்தது 1908-ல் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். யாருடைய சொத்தையும் பறிக்காமல், புது வரி போடாமல், இரத்தம் சிந்தாமல் நிலத்தின் பலனை ஜனங்களுக்குச் சேர்க்க இப்படி ஒரு வழி கண்டதுதான் ஹவார்டின் பெருமை. செடிகொடிகளும் பூந்தொட்டிகளும் அதற்குப் பிற்பட்டவை.

படித்தவர்கள் சிரித்தார்கள். சமதர்மிகளான ஃபேபியன் சங்கத்தாரின் பத்திரிகைகூட, இருக்கிற பட்டணங்களைச் சீர்திருத்துவதை விட்டு ஆகாயக்கோட்டை கட்டுகிறார் என்று பரிகசித்தது. ஹவார்ட் மறுமொழிச் சண்டை போடவில்லை. ஊர் ஊராகச் சென்று மாதா கோவில் மண்டபங்களிலும் தொழிலாளர் கூட்டங்களிலும் பிரசங்கம் செய்தார். 1899-ல் தோட்ட நகரச் சங்கம் ஏற்பட்டது. ரால்ஃப் நெவில் என்ற பிரபல வக்கீல் அதன் தலைவரானபின் பணக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். காட்பரி என்ற சாக்லேட் முதலாளியும் லீவர் என்ற சோப்பு முதலாளியும் தங்கள் தொழிலாளர் ஊர்களில் மகாநாடுகள் கூட இடங்கொடுத்தார்கள்.

1903-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், 3 லட்சம் பவுன் மூலதனத்துடன் கம்பெனி பதிவாயிற்று. பங்குதாரர்களுக்கு லாப ஈவு நூற்றுக்கு 5-க்கு மேல் கிடையாது. மிஞ்சியது ஊருக்கு என்பது நிபந்தனை. லண்டனுக்கு வடக்கே சுமார் 35 மைலில், லெட்ச்வொர்த் என்ற இடத்தில், பதினைந்து சொந்தக்காரர்களிடமிருந்து 3,818 ஏக்கர் வாங்கப்பட்டது. ஏக்கர் 40 பவுனுக்குச் சற்று மேல். புத்தகத்தில் எழுதிய விலையே ஏறக்குறைய சந்தையிலும் படிந்தது! அக்டோபர் 9-ந் தேதி கொட்டும் மழையில், சேற்றுக்கு நடுவே கூடாரம் அடித்துத் தொடக்க விழா நடந்தது.

ரேமண்ட் அன்வின், பாரி பார்க்கர் என்ற இரு வாலிபச் சிற்பிகள் ஊரை வகுத்தார்கள். மேல்காற்று அதிகமாக வீசும் தேசமாகையால், புகை வீடுகளின்மேல் போகாதபடி தொழிற்சாலைகளைக் கிழக்கே வைத்தார்கள். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் கூடாது என்பது அன்வினின் கொள்கை. 1905-ல் 150 பவுனுக்குள் கட்டக்கூடிய மலிவு வீடுகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. ஆயிரக்கணக்கானோர் ரயிலேறி வந்து பார்த்தார்கள். டெண்ட் கம்பெனியின் அச்சுக்கூடம் வந்தது. புத்தகக் கட்டட வேலை வந்தது. ஸ்பைரெல்லா என்ற பெண்கள் உள்ளாடைத் தொழிற்சாலை வந்து நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்தது. முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் இரும்புத் தொழிற்சாலை வைத்தார்கள். ஊரில் மதுக்கடை வேண்டுமா என்று ஜனங்களைக் கேட்டபோது பெரும்பான்மையோர் வேண்டாமென்றனர். அரை நூற்றாண்டு வரையில் அத்தடை நீடித்தது. எல்லையிலிருந்த பழைய கிராமத்துச் சாராயக்கடைகளுக்கு மாலை வேளைகளில் நல்ல கூட்டம் இருந்ததென்பதையும் மறைப்பதற்கில்லை.

இனிக் குறையைச் சொல்லுவோம். நிலத்தின் மதிப்பு ஏறஏற வாடகையும் அவ்வப்போது திருத்தப்படவேண்டுமென்பது ஹவார்டின் கணக்குக்கு அச்சாணி. டைரெக்டர்கள் பயந்தார்கள். வாடகை எப்பொழுது ஏறுமோ என்றிருந்தால் எந்தத் தொழில்முதலாளி வருவான் என்றார்கள். வழக்கம்போல் மாறாத வாடகையில் 99 வருஷக் குத்தகை கொடுத்தார்கள். ஹவார்ட் விட்டுக்கொடுத்தார். முதல் லாப ஈவு 1913-ல்தான், அதுவும் நூற்றுக்கு ஒன்று வீதம்தான், கொடுக்க முடிந்தது என்பதைப் பார்த்தால் டைரெக்டர்களின் பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. கல்லும் மண்ணும் வாங்கப் பணமில்லாத நிலையில், ஊர் பிறக்காமற் போவதைவிட ஊனத்தோடாவது பிறக்கட்டும் என்று அவர் நினைத்தார் போலும். ஆயினும் அந்த விட்டுக்கொடுத்தலுக்கு ஊரார் பின்னால் விலை கொடுக்க நேர்ந்தது. மற்றொரு குறை இதைவிட நெஞ்சை உறுத்துவது. திறமையுள்ள தொழிலாளிக்கு அங்கே வீடு கிடைத்தது. மண்வெட்டிக் கூலிக்கு அவ்வாடகை எட்டவில்லை. ஊரைக் கட்டிய கைகளில் பல, மாலையில் வெளியூர்க் குடிசைக்குத் திரும்பின. சேரி ஜனங்களை நினைத்துத் தொடங்கிய காரியத்தில் சேரி ஜனங்களே கடைசியில் நின்றார்கள். சர்க்கார் உதவியில்லாமல், ஐந்து வட்டி தர்மத்தை மாத்திரம் நம்பி, ஏழைக்கு வீடு கட்டமுடியாது என்பதை லெட்ச்வொர்த் நிரூபித்துவிட்டது. இங்கிலாந்தில் சர்க்கார் பணத்தால் பெருவாரியாக வீடு கட்டும் சட்டம் 1919-ல் வந்தபோது, வீட்டின் அளவையும் அமைப்பையும் வகுத்ததில் அன்வினுக்குப் பெரும் பங்கு இருந்தது.

தோட்ட நகரம் என்ற பெயர் வெகு சீக்கிரத்தில் மலிந்துபோயிற்று. மரம் வைத்த புறநகர்களெல்லாம் அப்பெயரைச் சூட்டிக்கொண்டன. காலையில் எல்லோரும் வண்டியேறிப் பட்டணத்துக்கு வேலைக்கு ஓடி, இரவில் தூங்க மட்டும் திரும்பும் இடம் ஹவார்டின் ஊரன்று; அது சத்திரம். நம் தேசத்திலும், புதுடில்லியில் உத்தியோகஸ்தர்களின் பங்களாக்களைச் சுற்றி மரம் நட்டதைத் தோட்ட நகரம் என்று புகழ்ந்தார்கள். தொழிற்சாலை எங்கே, தொழிலாளி வீடு எங்கே, நிலத்தின் ஏற்றம் யாருக்கு என்று கேட்டால் விடையில்லை. ஆனால் நேர்மையான செய்தியும் இங்கே வராமல் இல்லை. பாட்ரிக் கெட்டஸ் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் நகர அமைப்புக் கண்காட்சி ஒன்றைச் சென்னைக்கு அனுப்பினார். அதை ஏற்றிவந்த கப்பலை 1914 அக்டோபரில் எம்டன் மூழ்கடித்துவிட்டது. முந்திய மாதம் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன்தான். கெட்டஸ் சளைக்காமல் புதிய படங்களைத் திரட்டி 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். நமது ஜில்லா ஊர்களையும் சுற்றிப் பார்த்து, கோவில் தேரோடும் வீதிகளின் அழகை மெச்சி யோசனைகள் எழுதினார். சென்னை மாகாண நகர அமைப்புச் சட்டம் 1920-ல் வந்தது.

மறுபடியும் ஹவார்டிடம் வருவோம். யுத்தம் முடிந்த 1919-ல் அவருக்கு வயது 69. சர்க்கார் புதிய ஊர்களை வைக்கவேண்டுமென்று இளைய நண்பர்கள் பிரசாரம் செய்துகொண்டிருந்தார்கள். சர்க்காருக்காகக் காத்திருந்தால் கிழவனாகிவிடுவோம் என்ற எண்ணம் கிழவருக்கு! லண்டனிலிருந்து 20 மைலில், வெல்வின் என்ற இடத்தில் ஒரு பிரபுவின் நிலம் ஏலத்துக்கு வந்தது. நண்பர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் சிலரிடம் முன்பணம் மட்டும் திரட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போய் 1,458 ஏக்கரை 51,000 பவுனுக்கு எடுத்துவிட்டார். கையிலிருந்த முன்பணம் போதவில்லை. தமக்காக ஏலங்கேட்ட தரகரிடமே அவ்விடத்திலேயே கடன் வாங்கினார். தலையில் கைவைத்துக்கொண்ட நண்பர்கள் வேறுவழியின்றி 1920-ல் கம்பெனி ஏற்படுத்தினார்கள். இரண்டாவது தோட்ட நகரம் இவ்விதம் பிறந்தது. நாம் இதை விவேகமென்று சொல்லமாட்டோம். ஆனால் விவேகிகள் எல்லோரும் சேர்ந்து அந்த வருஷத்தில் ஓர் ஊரும் வைக்கவில்லை.

தமக்கென்று அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. முதல் மனைவியார் லெட்ச்வொர்த்தில் குடியேறு முன்பே 1904-ல் காலமானார். ஹவார்ட் முதுமையிலும் சுருக்கெழுத்து வேலை செய்தே செலவை நடத்தினார். சுருக்கெழுத்துக்கு ஒரு யந்திரம் கண்டுபிடிக்கவேண்டுமென்று ஆயுள் முழுவதும் இருந்த காசையெல்லாம் அதில் விட்டார், அது பலிக்கவில்லை. மனித ஜாதிக்கெல்லாம் ஒரு பொதுப் பாஷை வேண்டுமென்று எஸ்பெராண்டோ கற்று, 1907-ல் லெட்ச்வொர்த்தைப் பார்க்க வந்த அப்பாஷைக்காரர்களை அதிலேயே பேசி வரவேற்றார். 1927-ல் ஸர் பட்டம் வந்தது. 1928-ஆம் வருஷம் மே 1-ந் தேதி, வெல்வினில் தம் சிறு வீட்டில் உயிர் நீத்தார். லெட்ச்வொர்த்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டனில் தொழிற்கட்சி சர்க்கார் 1946-ல் புதிய நகரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1950-க்குள் பதினான்கு புதிய நகரங்கள் குறிக்கப்பட்டன. முதலாவதான ஸ்டீவனேஜ், லெட்ச்வொர்த்துக்கும் வெல்வினுக்கும் நடுவில் இருக்கிறது. வெல்வினையே சர்க்கார் 1948-ல் எடுத்துக்கொண்டது. அதன் நில ஏற்றமும் ஊராரிடமிருந்து சர்க்காருக்குப் போயிற்று.

லெட்ச்வொர்த்தின் கதை வேறு. மாறாத வாடகைக் குத்தகைகள் முடியுங்காலம் நெருங்க நெருங்க, அந்நிலம் பெரும் புதையல் என்பது வெளியார் கண்ணில் பட்டது. 1960-ல் ஒரு கம்பெனி பங்குகளை வாங்கி ஊரையே தன் கைக்குள் போட்டுக்கொண்டது. ஊரார் பார்லிமெண்டுக்குப் போனார்கள். கட்சி பேதமின்றிப் போராடி 1962-ல் தனிச் சட்டம் பெற்றார்கள். மறுவருஷம் முதல் நிலம் ஒரு பொது ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. 1995 முதல் அது ஒரு தர்ம ஸ்தாபனமாக நடைபெறுகிறது. இன்று அவ்வூரில் 33,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். ஹவார்ட் 1898-ல் எழுதிய தொகை 32,000. கடைகளும் தொழிற்சாலைகளும் கொடுக்கும் வாடகையிலிருந்து அந்த ஸ்தாபனம் ஓர் ஆஸ்பத்திரியையும் பொருட்காட்சிசாலையையும் சினிமாக் கொட்டகையையும் பண்ணையையும் நடத்தி வந்திருக்கிறது. சுற்றியிருக்கும் வயல்களில் இன்னமும் கோதுமை விளைகிறது.